‘போய் வருகிறேன்’ என்னும் சொல்

தமிழில் விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்று சொல்லுவதில்லை; ‘போய் வருகிறேன்’ என்பதே மரபு. பள்ளிக்குப் புறப்படும் சிறு பிள்ளை வாய்தவறி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், திண்ணையில் இருக்கும் பாட்டி அதைத் திருத்தாமல் விடமாட்டாள். கன்னடத்தார் ‘ஹோகி பர்த்தீனி’ என்கின்றனர். தெலுங்கர் ‘வெள்ளி வஸ்தானு’ என்கின்றனர். மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் கோலார் மாவட்டத்துத் தென்கோடியில், எவ்வீட்டு வாயிலில் நின்று எம்மொழியில் விடைபெற்றாலும் பொருள் ஒன்றே: மீண்டும் வருவேன்.

பயணச் சீட்டு வழங்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்போர்க்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். ஒருவழிச் சீட்டு வாங்கியவரும் பிளாட்பாரத்தில் நின்று ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்லுகிறார். சீட்டு சொல்லுவது ஒன்று. வாய் சொல்லுவது மற்றொன்று. வழியனுப்ப வந்தவர்களும் அதை அறிவர்; அறிந்தும் ‘போய் வா’ என்கின்றனர். பெரியவர்களுக்கிடையே இது ஓர் உபசாரம். இதனால் யாருக்கும் தீங்கில்லை. கேட்பவர் குழந்தையாக இருந்துவிட்டால் மட்டும் கதை வேறாகிறது.

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதம் ஒன்று இதைப் பற்றியதே. எழுதியவர் நம் சங்கக் குடும்பம் ஒன்றின் மகள். பட்டப் படிப்பு முடிந்த கையோடு ஒரு தொண்டமைப்பின் வழியாகப் பூதிகோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூன்று திங்கள் தங்கி, மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதும், பகலில் மகளிர் குழு ஒன்றுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பதுமாகப் பணி செய்தவர். அவர் எழுதியதன் சாரம் இது: ‘புறப்பட இன்னும் பத்து நாள் இருக்கிறது. தங்கியிருக்கும் வீட்டு அம்மா கடைசி மாதத்துக்குப் பணம் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுடைய ஏழு வயதுப் பையன், அக்கா எப்போது திரும்பி வருவாய் என்று தினமும் கேட்கிறான். அடுத்த சனிக்கிழமை வருவேன் என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா? அல்லது விடியற்காலையில் அவன் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டால் நல்லதா?’

பத்து நாள் கெடுவுக்கு மாத இதழ் உதவாது. ஆதலின் விடையை அன்றே அஞ்சலில் சேர்த்துவிட்டோம். ஆயினும் இக்கேள்வி ஒருவருடையது அன்று. நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் முகாமென்றும் தொண்டென்றும் ஊர்ப்புறம் செல்லுகின்றனர். எப்படிப் போய்ச் சேருவது, என்ன எடுத்துச் செல்லுவது என்பன பற்றி அவர்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். எப்படி விட்டு வருவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மகளின் இசைவோடு, அவருக்கு எழுதியதைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் அந்த விடியற்காலைப் பயணத்தைப் பற்றி. நம்மவர் வழக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதற்கென்று ஒரே ஓர் இடம் உண்டு. அது துக்க வீடு. அங்கே ‘போய் வருகிறேன்’ என்று சொல்லலாகாது. மறுமுறையும் அத்தகைய காரியத்துக்கு வருவதாகிவிடும் என்று அஞ்சி, ஓசையின்றிப் புறப்பட்டுவிடுவர். மூன்று திங்கள் சோறிட்ட வீட்டை விட்டுப் பேசாமல் வெளியேறுபவர், அறியாமலே அவ்வீட்டைத் துக்க வீடாக்கிவிட்டுப் போகிறார். பையன் எழுந்து பார்க்கையில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், பை இராது. அவன் தாயினிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த அம்மாவே விடை கூற வேண்டும். தாம் அழாமல் தப்பித்துக்கொள்ளும் பொருட்டு, அழுகையை அந்த அம்மாவின் தலையில் கட்டிவிட்டு வருவது என்ன நியாயம்?

சனிக்கிழமைப் பொய் இதனினும் தீது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை எது என்று நன்றாகத் தெரியும்.

நிற்க. ஊரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொல்லவேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து தெற்கே பேருந்தில் சென்றால் எட்டிவிடக்கூடிய ஊர் பூதிகோட்டை. பூதி என்றால் சாம்பல்; நாம் நெற்றியில் இடும் விபூதியிலும் அச்சொல் இருக்கிறது. மார்க்கண்டேய நதி இப்பக்கத்தில் ஓடி, தமிழ்நாட்டுள் புகுந்து தென்பெண்ணையைச் சேருகிறது. ஹைதர் அலி பிறந்தது இவ்வூரில். 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பர். அவருடைய தந்தை பத்தே முகமது சீராவின் ஆட்சியாளர்களிடம் படைத்தலைவராக இருந்தவர். அவர் போரில் மாண்டபின் குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்தது. சிறு வயதில் ஊரைவிட்டுப் போன பிள்ளை பிற்காலத்தில் மைசூர் நாட்டையே ஆண்டார். அவ்வூரார் இன்றும் அவர் பெயரைத் தம் ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்லுகின்றனர். போனவரை ஊர் மறப்பதில்லை. போனவர்தாம் ஊரை மறக்கின்றனர்.

தொண்டு செய்யச் செல்லும் இளைஞர் நாம் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு செல்லுகின்றனர். போன பிறகு யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் சற்றுத் தலை சுற்றும். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. முன்னோர் வெட்டிய ஏரிகளை நம்பி வாழ்ந்த நிலம் அது. ஏரிகள் வறண்டபின் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அவையும் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கியும் நீர் காணாத இடங்கள் உண்டு. 2018 முதல் பெங்களூர் மாநகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொணர்ந்து கோலார் ஏரிகளில் விட்டு வருகின்றனர். நிலத்தடி நீர் ஊறட்டும் என்பது நோக்கம். நகரத்தார் குளித்து விட்ட நீர் அங்கே ஏரி நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால், குடத்துத் தண்ணீரின் அருமையை ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய ஊரில் நகரத்துப் பெண் ஒருத்தி விருந்தாளியாக வந்து, காலையில் ஒரு வாளியும் மாலையில் ஒரு வாளியுமாகக் குளிக்கிறாள். வீட்டு அம்மா ஒரு சொல்லும் சொல்லுவதில்லை. தாம் குளிப்பதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிக்கொள்ளுகிறார். மூன்றாம் வாரத்தில்தான் அப்பெண்ணுக்கு அது தெரியவருகிறது. இதையும் அக்கடிதத்தில் எழுதியிருந்தார். அதனாலேயே அவர்மீது நமக்கு மதிப்பு உயர்ந்தது.

களியும் அவ்வாறே. ராகிக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதைக் கற்பிக்க வீட்டார் எத்தனை வேளை செலவிட்டார்கள்! நகரத்துப் பெண் விழிப்பதைக் கண்டு சிரிக்காமல், அரிசிச் சோறு தனியே வடித்துக் கொடுத்த நாள்கள் எத்தனை! அவரைக்காய்ப் பருவத்தில் பிதுக்கிய பருப்பில் செய்த சாற்றை முதலில் அவள் தட்டில் ஊற்றியவர்கள் எத்தனை பேர்! இவற்றுக்கெல்லாம் அமைப்பு கொடுத்த மாதப் பணம் ஈடாகாது என்பது உண்மை. ஆனால் ஈடாகாது என்பதற்காக அப்பணத்தைக் கொடாமல் வருவது தகாது. கடைசி மாதப் பணம் வேண்டாம் என்று அம்மா சொன்னது அன்பு. அந்த அன்பை ஏற்றுக்கொண்டு, பணத்தையும் வைத்துவிட்டு வருவதே முறை. கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்; மளிகைக் கடையில் அவ்வீட்டுப் பற்றில் வரவு வைத்துவிட்டு வரலாம் என்று எழுதினோம். ஊர்ப்புறத்துக் கடைக்காரர் இத்தகைய காரியத்தை அழகாகச் செய்து முடிப்பார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், வி. கே. ஆர். வி. ராவ் மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு, தேர்ந்தெடுத்த சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. ‘எனக்கன்று, உனக்கு’ என்னும் பொருள்படும் வாசகம் அதன் குறிக்கோளாக இருக்கிறது. நல்ல திட்டமே, நம் பிள்ளைகள் பலர் மண்வெட்டியை முதன்முதலாகக் கையில் பிடித்தது அம்முகாம்களில்தான். ஆனால் அந்த ஏழாம் நாளைப் பாருங்கள். பந்தல், சிறப்பு விருந்தினர், சால்வை, நன்றியுரை, குழுப்படம். படத்தில் மாணவர் முன்வரிசையில் இருப்பர். ஊரார் இருந்தால் ஓரத்தில் இருப்பர். மாலை நான்கு மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிடும். அவர்கள் நட்ட மரக்கன்றுகளுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்வி மேடையில் எழுவதே இல்லை.

மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கோலார் மண்ணில் கன்று நடுவது பெரிதன்று.

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சன்னலில் அமர்ந்திருப்பவர் வேலை முறை முடிந்து எழும்போது, பையை எடுத்துக்கொண்டு நேரே நடந்துவிட முடியாது. சீட்டு எந்த எண்ணில் தொடங்கியது, எந்த எண்ணில் நிற்கிறது, பணப்பெட்டியில் ரொக்கம் எவ்வளவு, சாவி எங்கே என்று எழுதி, அடுத்து அமருபவரிடம் எண்ணிக் கொடுத்து, இருவரும் கையொப்பம் இட்ட பிறகே எழலாம். மாற்றலாகிப் போகிறவருக்கும் அவ்வாறே. ‘சார்ஜ் ஒப்படைத்தல்’ என்று பெயர். மாலை மரியாதை அதற்குப் பிறகுதான். ஒப்படைக்காதவருக்கு மாலை போட்டாலும் அவர் போனவராக மாட்டார், மறுநாளே ஆள் அனுப்பி அழைத்துவிடுவர். தொண்டு முடித்து வருபவரின் விடைபெறுதலும் இவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. கண்ணீரும் கட்டித்தழுவலும் இருக்கட்டும். அதற்கு முன் ஒப்படைப்பு நடந்தாக வேண்டும்.

பூதிகோட்டையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1968-இல் மைசூர் மாநிலத்தில் தோன்றிய ‘மைராடா’ என்னும் தொண்டு நிறுவனம் முதலில் எடுத்துக்கொண்ட பணி, திபெத்திலிருந்து வீடிழந்து வந்த மக்களைக் குடியமர்த்துவது. பின்னர் ஊர்ப்புற ஏழை மக்களிடையே, பெரும்பாலும் மகளிரிடையே, சிறு சிறு குழுக்கள் அமைத்துச் சேமிப்பையும் கடனையும் அவர்களே நடத்திக்கொள்ளப் பழக்கிற்று. 1980-களின் நடுவில் இக்குழுக்கள் உருக்கொண்டன. 1992-இல் நபார்டு வங்கி நாடளாவிய சோதனையாகச் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, முன்மாதிரிகளாக நின்றவற்றுள் இவையும் சேரும். இந்நிறுவனத்தின் கொள்கைகளில் நம்மைக் கவர்ந்தது ஒன்று: வெளியிலிருந்து வந்தவர் ஒருநாள் விலகியாக வேண்டும், குழுவை அமைக்கும்போதே விலகும் நாளையும் எண்ணியே அமைக்க வேண்டும் என்பது. அவ்வாறே குழுக்கள் சேர்ந்து நடத்தும் வள மையங்களை ஏற்படுத்தி, அங்கே பெறும் உதவிக்குக் குழுக்களே கட்டணம் செலுத்தும்படி செய்து, நிறுவனத்தார் பின்வாங்கினர்.

இவ்வூர் ‘நம்ம த்வனி’ என்ற ஒலிபரப்பால் வெளியுலகில் பெயர் பெற்றது. ‘நம் குரல்’ என்பது அதன் பொருள். வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துவிட்டது. எனினும் ஊர்ச் சங்கங்கள் வானொலி நடத்தலாம் என்று அரசு இசைந்தது 2006-இல்தான். இடைப்பட்ட காலத்தில் பூதிகோட்டையார் சும்மா இருக்கவில்லை. மைராடாவும், பெங்களூரின் ‘வாய்சஸ்’ அமைப்பும், யுனெஸ்கோவும் துணை நிற்க, 2003-ஆம் ஆண்டளவில் வானலையை விட்டுக் கேபிள் கம்பி வழியாகவே வீடுகளுக்கு ஒலியை அனுப்பினர். உழவு, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, ஊர்க்குறை எல்லாம் அதில் பேசப்பட்டன. ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள் பெங்களூரிலிருந்து வந்த படித்த இளைஞர்கள் அல்லர். அவ்வூர்ப் பெண்களும் வாலிபர்களுமே. வந்தவர்கள் கருவியைக் கையாளக் கற்பித்துவிட்டுத் தள்ளி நின்றனர். இங்கே ஒரு நுட்பத்தைக் காணவேண்டும். வந்த இளைஞர் தாமே அறிவிப்பாளராகி இனிய குரலில் பேசியிருந்தால் நிகழ்ச்சி இன்னும் மெருகாக இருந்திருக்கும். அவர் புறப்பட்ட அன்று ஒலிபரப்பும் அவரோடு பேருந்து ஏறியிருக்கும்.

நமக்குக் கடிதம் எழுதிய மகள் மகளிர் குழுவின் கணக்கை எழுதிவந்தார் என்றோம். அழகிய கையெழுத்து, ஒரு பிழையும் இல்லை என்று குழுவினர் மெச்சினார்களாம். நாம் அவரிடம் கேட்டது ஒன்றே: பதினொன்றாம் நாள் யார் எழுதுவார்? குழுவில் எழுத்தறிந்த பெண் இருவர் இருந்தால், எஞ்சிய நாள்களில் அவர்கள் எழுதட்டும். நீர் அருகில் கைகட்டி அமரும். கையெழுத்து கோணினால் கோணட்டும். கூட்டல் தவறினால் அவர்களே கண்டுபிடிக்கும் வரை வாய் திறவாதீர். கடைசிக் கூட்டத்தில் பேரேடு, ரசீதுப் புத்தகம், பெட்டிச் சாவி ஆகியவற்றை எல்லோரும் காண எண்ணிக் கொடும். அன்று பேசவேண்டிய பேச்சு அவ்வளவே. இவ்வாறு எழுதினோம்.

உலகில் இத்தகைய முகாம்கள் தோன்றிய வரலாற்றிலும் விட்டு வருதலே கடினமான பாடமாக இருந்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-இல் சுவிட்சர்லாந்துக்காரராகிய பியர் செரெசோல், போரில் தரைமட்டமான பிரெஞ்சுச் சிற்றூராகிய எஸ்னுக்குப் பல நாட்டு இளைஞரோடு சென்றார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். இடித்தவர் நாட்டாரே எடுத்துக் கட்டட்டும் என்பது எண்ணம். குடில்கள் எழுந்தன. ஆனால் ஜெர்மானியர் தம் மண்ணில் இருப்பதை அப்பகுதியார் பொறுக்கவில்லை; அடுத்த ஆண்டே முகாமைக் கலைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வேண்டாம் என்றபோது எழுந்து வந்ததும் தொண்டுதான். அவரே 1934-இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் நம் நாட்டுக்கு வந்து, வீடிழந்த உழவர்களுக்கு ஊர் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர் அல்லர். போய்ப் போய் வந்தவர். ‘போய் வருகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியவர்களில் அவரைச் சேர்க்கலாம்.

இலங்கையில் 1958-ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. மாணவர்கள் அவர்களோடு தங்கி உழைத்து, அவர்களோடு உண்டனர். சர்வோதயச் சிரமதான இயக்கம் அங்கிருந்து பிறந்தது. கிணறும் பாதையும் வெட்டுவதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும். உடனிருந்து உண்ண ஆள் கிடைப்பதுதான் அரிது. அவ்வாறு உண்டவர் விடைபெறும்போது எவ்வீட்டில் முதலில் நுழைகிறார், எவ்வீட்டுக் காப்பியை மறுக்கிறார் என்பதை ஊர் முழுதும் கண் கொட்டாமல் பார்க்கும் என்பதை நம் பிள்ளைகள் நினைவில் வைத்தல் நலம். ஊரைவிட்டு வரும் நாளில் மேலத்தெருவில் மட்டும் சொல்லிக்கொண்டு வருவது, மூன்று திங்கள் உழைப்பையும் ஒரு நாழிகையில் அழித்துவிடும்.

தற்காலிக வீடு என்பது நமக்குப் புதிதன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்க வேலையை மேற்கொண்டபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் தட்டி வீடுகளில் குடியேறினர். 1894-இல் மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது, உறவினரும் வந்தனர். இரண்டு ஆண்டு பாடுபட்டு, கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்புவோம் என்று சொல்லிப் புறப்பட்டவர்களே பலர். ஊரில் விட்டுவந்த தாயிடம் அவர்களும் ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொன்னார்கள். இரண்டு ஆண்டு நான்கு தலைமுறை ஆயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுவரை கம்பெனியின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் பலர் இன்றும் அங்கேயே இருக்கின்றனர். விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். யாரும் முறையாக விடைகொடுக்காத வீட்டை விட்டு மனிதரால் எளிதில் வரமுடிவதில்லை. திரும்பாத மகனுக்காக ஊரில் காத்திருந்த தாய்மாரின் கதை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும். ஆகவே அந்த ஏழு வயதுப் பையனின் கேள்வியை நம்மவரைவிட நன்கு அறியத்தக்கவர் யார்?

அவனுக்கு என்ன சொல்லுவது? உண்மையையே சொல்லலாம் என்று எழுதினோம். ‘என் வேலை முடிந்தது. நான் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நான் உன் வீட்டிலேயே இருக்க முடியாது’ என்று நேராகச் சொல்லலாம். ஒருநாள் முன்னதாக அன்று, பத்து நாள் முன்னதாகவே சொல்லலாம். முதல் நாள் அழுவான். நான்காம் நாள் ‘இன்னும் ஆறு நாள்’ என்று அவனே எண்ணுவான். எண்ண முடிந்த பிரிவு குழந்தைக்குத் தாங்கக் கூடியது. திரும்பி ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமென்று உறுதியாகத் தெரிந்தால், நாளைக் குறித்துச் சொல்லலாம்: ஊர்த் திருவிழாவுக்கு வருவேன் என்று. தங்கவயலிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பூதிகோட்டை கடல் கடந்த நாடன்று. உறுதி இல்லையென்றால் சொல்ல வேண்டா. பெரியவர்களிடம் வழக்கம்போல் ‘போய் வருகிறேன்’ எனலாம். அவர்களுக்கு அச்சொல்லின் எடை தெரியும்.

கைப்பேசி இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையே, புறப்படும் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிவிடுகிறது. முதல் வாரம் நாளுக்கு நாற்பது செய்தி. மூன்றாம் திங்களில் பொங்கல் வாழ்த்துப் படம் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. மேலும் அவ்வீட்டில் கைப்பேசி தந்தையின் சட்டைப் பையில் இருப்பது, பையனுக்கு எட்டாது. பழைய முறையில் அஞ்சல் அட்டை நான்கு வாங்கி, அவற்றில் தம் முகவரியைத் தாமே எழுதி, அவனிடம் கொடுத்துவரச் சொன்னோம். எழுதக் கற்றவன், எழுதட்டும். எழுதாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் அட்டை வந்து சேர்ந்தால் மறு அஞ்சலில் விடை போயாக வேண்டும்; அதற்கு இயலாதென்றால் அட்டையைக் கொடுக்கவே வேண்டா.

பரிசுப் பொருள் பற்றியும் கேட்டிருந்தார். விலையுயர்ந்தது எதுவும் ஆகாது. ஒரு வீட்டுக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்குப் புண்ணாகும். பட்டணத்தில் வேலை வாங்கித் தருகிறேன், பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கிறேன் என்ற வாக்குறுதிகள் பரிசுப் பொருளைவிட ஆபத்தானவை. புறப்படும் நேரத்து உருக்கத்தில் இவை வாயிலிருந்து எளிதில் வந்துவிடுகின்றன. கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளையை அனுப்பும்போது பாம்பு, காய்ச்சல், பேருந்து வசதி எல்லாம் விசாரிக்கிறோம். திரும்பி வருகையில் வீட்டில் ஏற்படும் சங்கடத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மூன்று திங்கள் ஊர்ப்புறத்தில் இருந்த பெண் முதல் வாரம் சரியாகப் பேசமாட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் தம்பியைக் கண்டு சீறுவாள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வருவாள். கட்டிலை விட்டுத் தரையில் பாய் விரிப்பாள். ‘என்ன, பெரிய காந்தியாகிவிட்டாயோ?’ என்று கேலி செய்யத் தோன்றும், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். அவள் இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்கிறாள். ஒரு வீட்டை விட்டாகிவிட்டது, இன்னொன்றில் இன்னும் வந்து சேரவில்லை. ‘அந்த அம்மா பெயர் என்ன? பையன் எந்த வகுப்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணி வரை பேசுவாள். சமையலறையில் ஒரு படி ராகி மாவு வாங்கி வைத்திருங்கள். களி கிண்டும் பக்குவம் இப்போது அவளுக்குத்தான் தெரியும். கட்டி தட்டாமல் கிண்ட அவளையே விடுங்கள்.